நம்பு என்று ஒரு வரி

"அண்ணா, பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சிட்டேன். ஆனாலும் உள்ள விட்டுடுச்சு."

செஞ்சியில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து வந்த அழைப்பு. பேசியவள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவள். தரவுத்தளத்தின் கடவுச்சொற்களை மாற்றும் வேலையை அந்த வாரம்தான் அவளிடம் கொடுத்திருந்தோம். "நான்தான் எதையோ உடைச்சிட்டேன் போல" என்றாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. உடைத்தது நான். மூன்று மாதம் முன்பு.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பி.ஜி. எச்.பி.ஏ. என்றொரு கோப்பு உண்டு. எந்த முகவரியிலிருந்து, எந்தப் பயனர், எந்த முறையில் உள்ளே வரலாம் என்று வரிவரியாகச் சொல்லும் காவல் பட்டியல். மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் வரியோடு நின்றுவிடும். எங்களுடைய இரண்டு வெப் சர்வர்களுக்கும் தனித்தனி வரி இருந்தது. முறை ஸ்க்ராம், கடவுச்சொல்லை அப்படியே அனுப்பாமல், அது தெரியும் என்பதை மட்டும் நிரூபிக்கும் முறை.

கூட்டம் கூடியதும் மூன்றாவது சர்வரைச் சேர்த்தோம். அதன் முகவரிக்கு வரி இல்லை என்று தரவுத்தளம் மறுத்தது. இரவு ஒன்றரை மணி. ஒரே ஒரு வரி சரியாக எழுதியிருந்தால் போதும். எழுதினேன், கடவுச்சொல் பொருந்தவில்லை என்றது. பொறுமை போய்விட்டது. 10.0.0.0/8 என்று உள்வலையமைப்பு முழுவதையும் குறித்து, முறை என்ற இடத்தில் 'ட்ரஸ்ட்' என்று உச்சியில் ஒரு வரி போட்டேன். நம்பு என்று அர்த்தம். கடவுச்சொல்லே கேட்காது. எல்லாம் ஓடியது. காலையில் எடுத்துவிடலாம் என்று படுத்தேன். எடுக்கவில்லை. கீழே இருந்த வரிகளெல்லாம் அன்றிலிருந்து சும்மா.

அவளிடம் "பாக்கறேன்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் அப்பாவோடு ராஜகிரி ஏறினேன். 800 அடி உயரம். உச்சிக்கு முன்னால் ஆழமான பிளவும் அதன்மேல் பாலமும். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. 1690இல் முற்றுகையிட்ட முகலாயப் படை உள்ளே நுழைய 1698 ஆனது. அதே கோட்டையை 1750இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. பாறைகள் அதேதான், காவல்தான் வேறு.

"ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார் அப்பா. சொன்னேன். கோப்பு, வரி எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. "அந்தப் பொண்ணு ராத்திரி தூங்கியிருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

பாலத்தருகே நின்றே அவளுக்கும் மேலாளருக்கும் போன் போட்டேன். மாலைக்குள் அந்த வரியை நீக்கி, மூன்று சர்வருக்கும் மூன்று பயனர், மூன்று கடவுச்சொல், மூன்று வரி என்று மாற்றினோம். தப்பான கடவுச்சொல்லை அடித்துப் பார்த்தாள். மறுத்தது. "இப்போ ஓகேண்ணா" என்றாள்.

அந்த மூன்று மாதத்தில் வேறு யாராவது வந்துபோனார்களா என்று தேடினோம். இணைப்புகளைப் பதிவுசெய்யும் வசதியை நாங்கள் இயக்கியே இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.