பினாங்கு மீ கோரெங்: தமிழர் கை பட்ட சீன நூடுல்ஸ்

பினாங்கு தீவில் இறங்கியதும், ‘நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?’ என்று டாக்ஸி ஓட்டுநரிடம் கேட்டுப் பாருங்கள். பெரிய ஹோட்டல் பெயர் எதுவும் வராது. ஒரு தெருவின் பெயரைச் சொல்வார். எந்த மூலை, எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைப்பார்கள், எத்தனை மணிக்குத் தீர்ந்துவிடும் என்பதைச் சொல்வார். அடுத்த டாக்ஸிக்காரர் வேறு ஒரு தெருவைச் சொல்வார். இருவரையும் சேர்த்து உட்கார வைத்தால் வாக்குவாதம் நடக்கும்!

மலேசியாவின் இந்தச் சின்னத் தீவில் ஆளுக்கொரு அங்காடிக் கடை உண்டு. ஒரு வண்டி, ஓர் அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி, ஒரு சமையல்காரர். இவ்வளவுதான் கடை. வாடிக்கையாளர்கள் மூன்று தலைமுறையாக அங்கேயே சாப்பிடுவார்கள்.

அந்தக் கடைகளில் தமிழர்கள் தேடிப்போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று மீ கோரெங் கடை. தமிழர்கள் கைப்பக்குவத்தில் உருவான பலகாரம் இது. ஆனால் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இதற்குப் பாரம்பரியக் கடை கிடையாது.

பெயரிலேயே இரண்டு மொழி

‘மீ’ என்பது ஹொக்கியன் சீன மொழியிலிருந்து வந்த சொல். கோதுமை மாவில் செய்த நூடுல்ஸ் என்று பொருள். ‘கோரெங்’ மலாய்ச் சொல். வறுத்தது அல்லது பொரித்தது என்று பொருள். கரண்டியைப் பிடித்திருப்பவரோ தமிழ் முஸ்லிம். அவரையும் அவர் கடையையும் ஊரே ‘மாமாக்’ என்று அழைக்கிறது. நம்முடைய ‘மாமா’தான் மலாய் வாயில் ‘மாமாக்’ ஆகிவிட்டது.

இந்தக் கலவையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் புலாவ் தீக்குஸ் பகுதியில் உள்ள பாங்காக் லேனுக்குப் போக வேண்டும். பர்மா சாலையிலிருந்து பிரியும் சின்னச் சந்து அது. பக்கத்திலேயே ஒரு தாய்லாந்துப் புத்தர் கோயிலும் பர்மியப் புத்தர் கோயிலும் எதிரெதிரே நிற்கின்றன. தாய்லாந்துக் கோயிலில் பள்ளிகொண்ட புத்தர் 33 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறார்.

அந்தச் சந்தின் முனையில் சீனர் நடத்தும் பழைய காப்பிக் கடை. அதன் வாசலில்தான் தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் மீ கோரெங் அடுப்பு எரிகிறது. பலகாரம் ஒருவருடையது, காப்பி இன்னொருவருடையது. ஒரே மேசையில் இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டும். இது பினாங்கின் பழைய ஏற்பாடு.

சட்டிக்குள் என்ன நடக்கிறது?

மீ கோரெங் சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே ஒரு சுகம்.

முதலில் எண்ணெய். பிறகு அரைத்த மிளகாய் விழுது. காற்றில் காரம் ஏறி, வரிசையில் நிற்பவர்கள் இருமத் தொடங்குவார்கள். அடுத்து வேகவைத்து நறுக்கிய உருளைக்கிழங்கு, பொரித்த டோஃபு துண்டுகள், நீளமாக முளைத்த பச்சைப்பயறு. அதன்மேல் மஞ்சள் மீ. சோயா சாஸ், தக்காளி சாஸ் ஊற்றி, கரண்டியால் சட்டியைத் தட்டித் தட்டிப் புரட்டுவார். பிறகு மீயை ஓரமாகத் தள்ளிவிட்டு, காலியான இடத்தில் ஒரு முட்டை. அது பாதி வெந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு புரட்டு. தட்டில் கொட்டி, மேலே கணவாய் சம்பல் ஒரு கரண்டி, கொஞ்சம் லெட்டூஸ் கீரை, ஓரத்தில் பாதி எலுமிச்சை.

பார்க்கச் சுலபம்தான். ஆனால் வேலை முந்தின நாளே ஆரம்பித்துவிடுகிறது. காய்ந்த கணவாயை ஊறவைத்து மென்மையாக்க வேண்டும். மிளகாய் விழுதைச் சிறுதீயில் நெடுநேரம் வதக்கி, பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியும்வரை காத்திருக்க வேண்டும். அடுப்பு பற்றவைக்கும்முன் உருளைக்கிழங்கு வெந்து ஆறியிருக்க வேண்டும்.

அந்த மீயின் மஞ்சள் நிறத்தைப் பார்த்து, முட்டையோ மஞ்சள் தூளோ சேர்த்திருப்பார்கள் என்று பலர் நினைப்பதுண்டு. முக்கியமான காரணம் மாவில் சேர்க்கும் கார உப்பு. அப்பளத்துக்கு நாம் அப்பளக்காரம் சேர்ப்பதைப் போன்ற சங்கதி இது. கார உப்பு பட்டதும் கோதுமை மாவில் இயற்கையாக உள்ள நிறப்பொருள் மஞ்சளாக மாறுகிறது. நூடுல்ஸுக்கு ரப்பர் போன்ற இழுவையும் கிடைக்கிறது. அதனால்தான் பெரிய தீயில் புரட்டினாலும் குழைவதில்லை.

‘இவ்வளவு கூட்டம் நிற்கிறதே, பெரிய சட்டியில் 20 தட்டு ஒரேயடியாகப் போட்டால் என்ன?’ என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தோன்றும். போட முடியாது. சட்டி நிறைந்தால் அதன் சூடு இறங்கிவிடும். மீயும் முளைப்பயறும் தண்ணீர் விட்டு, வறுபட வேண்டியது வேகத் தொடங்கிவிடும். ஓரம் கருகாமல், நுனி மட்டும் லேசாகப் பொரிந்து வரும் அந்த வாசம் கிடைக்காது. எனவே ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று தட்டுக்குத்தான் ஒரு ஈடு. பினாங்கில் இதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை. அரை மணி நேரம் காத்திருப்பதும் அந்தச் சாப்பாட்டில் சேர்த்தி!

கப்பலில் வந்தவர்கள்

1786-ல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் பினாங்கில் துறைமுகம் அமைத்த காலத்திலிருந்தே தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அங்கே குடியேறியிருக்கிறார்கள். அவர்களை அப்போது ‘சூலியா’க்கள் என்று அழைத்தார்கள். ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவுக்குப் பெயர் வந்தது அப்படித்தான். அதற்கு அருகே, 1801-ல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவும் அதே தெருவில் இருக்கிறது.

பின்னாளில் ராமநாதபுரம் கடலோரத்திலிருந்தும் கடையநல்லூர் பக்கமிருந்தும் ஏராளமானோர் வந்தார்கள். ‘ரஜூலா’ கப்பலை நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்கு இன்னும் நினைவிருக்கும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கப்பல் அது.

வந்தவர்களில் முதல் இல்லாதவர்களுக்குச் சமையல்தான் கைகொடுத்தது. தோளில் காவுதடி வைத்து, இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்றார்கள். அந்தச் சோறுதான் இன்று ‘நாசி கண்டார்’ என்ற பெயரில் மலேசியா முழுவதும் பிரபலம்.

பினாங்கின் இன்னொரு புகழ்பெற்ற வறுத்த நூடுல்ஸ், சீனர்களின் ‘சார் கொய்த்தியாவ்’. அரிசி மாவில் செய்த பட்டை நூடுல்ஸ், இறால், சிப்பி எல்லாம் போட்டு வறுப்பது. பழைய முறையில் அதைப் பன்றிக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். முஸ்லிம்கள் தொட முடியாது. மாமாக்கின் மீ கோரெங்கில் அந்தச் சிக்கல் இல்லை. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய வறுத்த நூடுல்ஸாக அது நிலைத்தது. மீயும் டோஃபுவும் சீனர் கொடை, காரமும் கைப்பக்குவமும் நம்முடையவை, பெயரில் பாதி மலாய். யாராவது ஒருவர் ‘இது எங்களுடையது மட்டும்’ என்று சொல்ல முடியாதபடி அமைந்துவிட்ட தட்டு!

எப்படிக் கேட்பது?

மாமாக் கடையில் தமிழிலேயே கேட்கலாம். ‘அண்ணே, ஒரு மீ கோரெங், காரம் கொஞ்சம் தூக்கலா’ என்றால் போதும். தமிழ் பேசாதவர் அடுப்பில் நின்றால், ‘பெடாஸ்’ என்றால் காரம், ‘குராங் பெடாஸ்’ என்றால் காரம் குறைவு, ‘பூங்குஸ்’ என்றால் பார்சல்.

கணவாய் வேண்டாதவர்கள் முதலிலேயே ‘சோத்தோங் வேண்டாம்’ என்று சொல்லிவிட வேண்டும். சில கடைகளில் கோழியோ வேறு இறைச்சியோ சேர்ப்பதுண்டு. சைவம் சாப்பிடுகிறவர்களும், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது. முட்டை வழக்கமாக உண்டு.

குழம்பாக வேண்டுமென்றால் அதே கடையில் ‘மீ ரெபூஸ்’ கேட்கலாம். அதே மீ, அதே உருளைக்கிழங்கு. மேலே சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்துக் கெட்டியாக்கிய குழம்பு. காரம் தாங்காத குழந்தைகளுக்கு அந்த இனிப்புக் குழம்பு பிடிக்கும்.

தட்டு வந்ததும் எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். சாஸின் இனிப்பையும் மிளகாயின் காரத்தையும் அந்தப் புளிப்புதான் சேர்த்துக் கட்டுகிறது.

அடுத்து யார் கை?

2008-ல் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது. 2020-ல் சிங்கப்பூரின் அங்காடிக் கடைப் பண்பாட்டையும், 2024-ல் மலேசியாவின் காலைச் சிற்றுண்டிப் பண்பாட்டையும் யுனெஸ்கோ அங்கீகரித்தது. பெருமைக்குக் குறைவில்லை. சட்டியைப் பிடிக்கத்தான் ஆள் வேண்டும்.

அடுப்பருகே நாள் முழுக்க நிற்கும் வேலை இது. தட்டின் விலையைக் கொஞ்சம் ஏற்றினாலும் வாடிக்கையாளர் முணுமுணுப்பார். எனவே கடைக்காரர் தன் பிள்ளையைப் படிக்க வைக்கிறார். படித்த பிள்ளை கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறான். அப்பா கரண்டி பிடித்து அவனைப் படிக்கவைத்ததே அதற்காகத்தான். அதில் தவறு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கூலிக்கு ஆள் வைக்கலாமே என்றால் அதற்கும் ஒரு தடை உண்டு. பினாங்கின் அடையாளமான அங்காடி உணவுகளை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சமைக்கக் கூடாது என்று மாநில அரசு 2016 ஜனவரி முதல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அரசு சொல்லும் காரணத்திலும் நியாயம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்த ருசியைச் சாப்பிட்டு வளராத கை, அளவு பார்த்துச் சாஸ் ஊற்றும். ருசி பார்த்து ஊற்றாது. ஒரு கடையில் ருசி மாறினால் ஊர் பேசும். பல கடைகளில் மாறினால் ஊருக்கே பெயர் கெடும்.

அதே சமயம், மீ கோரெங்கை உருவாக்கிய கைகளும் ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய வெளியூர்க் கைகள்தான். சீன மீயைச் சாப்பிட்டு வளராதவர்கள்தான் அதில் மிளகாய் விழுதைச் சேர்த்தார்கள். அன்றைக்கு யாராவது தடை போட்டிருந்தால் இந்தத் தட்டே பிறந்திருக்காது.

இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு கடையும் இன்று நிற்கிறது. மகனோ மகளோ, மருமகனோ, பக்கத்தில் நின்று முட்டை உடைத்துக் கொடுத்துப் பழகிய ஒருவர் இருந்தால் அந்த அடுப்பு இன்னும் ஒரு தலைமுறைக்கு எரியும். ருசியை எழுதிக் கொடுக்க முடியாது. சட்டியின் பக்கத்தில் சில வருஷம் நின்றால்தான் அது கைக்கு வரும்.

எனவே பினாங்கு போகிறவர்கள் கூட்டத்தைப் பார்த்து மலைத்துத் திரும்பிவிட வேண்டாம். வரிசையில் நின்று, பேச்சுக் கொடுத்து, பொறுமையாக வாங்கிச் சாப்பிடுங்கள். அடுப்புக்குப் பின்னால் இளவயதுக்காரர் யாராவது நின்றால், ‘நல்லா இருந்துச்சு தம்பி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.