ஸ்வீடன் கிழவரும் சோழவந்தான் அப்பத்தாவும்

டவுன்ஹால் ரோடு பிளாட்பாரத்தில் அறுபது ரூபாய்க்கு ஒரு தடி நாவல் வாங்கினேன். 'தி கேர்ள் வித் த டிராகன் டாட்டூ'. எழுதியவர் ஸ்வீடன்காரர் ஸ்டீக் லார்சன். பாவம், புத்தகம் வெளிவந்தது 2005-ல். மனுஷன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தது 2004-ல்.

"என்ன சார், இந்த வயசுல பச்சை குத்திக்கிற ஐடியாவா?" என்றார் பக்கத்து சீட் நண்பர். ஃபைலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

கதை இதுதான். 1966-ல் ஒரு தீவில், பெரிய பணக்காரக் குடும்பத்தில் பதினாறு வயசுப் பெண் திடீரென்று காணாமல் போகிறாள். அன்றைக்குப் பார்த்துப் பாலத்தில் விபத்து. வண்டி எதுவும் போக வழியில்லை. பிணமும் இல்லை, ஆளும் இல்லை. அவளைத் தூக்கி வளர்த்த சின்னத் தாத்தாவுக்கு வருஷா வருஷம் பிறந்தநாளன்று தபாலில் ஒரு காய்ந்த பூ வருகிறது. அனுப்புவது யார், கொன்றவனா? எண்பத்திரண்டு வயசில் ஒரு பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டு, 'சாகறதுக்குள்ள எனக்குத் தெரியணும்' என்கிறார் கிழவர்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தக் கிழவர் எங்கள் அப்பத்தா!

எங்க பெரியப்பா, கல்யாணமாகாதவர், 1987-ல் ஒரு நாள் விடியற்காலையில் சோழவந்தான் கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கூடையோடு மதுரைக்கு பஸ் ஏறினார். கூடை மார்க்கெட்டுக்கு வந்தது. பணமும் பட்டுவாடா ஆனது. பெரியப்பா மட்டும் வரவில்லை.

நாலாம் நாள் அப்பத்தா அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி: "ரயில்ல பெட்டி கிட்டி வந்துச்சாடா?"

காரணம் உண்டு. 1952 ஆகஸ்டில் சென்னையிலிருந்து வந்த போட் மெயிலில் துர்நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடம்பு. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சைனா பஜாரில் பேனா விற்ற ஆளவந்தார்தான் அது என்று அவர் மனைவி அடையாளம் சொன்னார். ராணுவத்தில் இருந்தபோது எடுத்த கைரேகையும் ஒத்துப் போனது. கொன்றவருக்கு 1953-ல் ஏழு வருஷம். மானாமதுரை இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். அப்பத்தா தலைமுறைக்கு அந்தப் பெட்டி லேசில் மறக்கிற விஷயமா?

அந்த அம்மாளுக்காவது பதில் கிடைத்தது. எங்களுக்குப் பெட்டியும் வரவில்லை, காய்ந்த பூவும் வரவில்லை. அப்பா பெரியாஸ்பத்திரி பிணவறைக்கு மூன்று தடவை போய் வந்தார். ராத்திரி அப்பத்தா ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைப்பாள். காலையில் அதுதான் எங்களுக்குப் பழையசோறு. இப்படியே எத்தனையோ வருஷம்!

கொடிக்கால் நாற்பது சென்ட் பெரியப்பா பேரில் இருந்தது. 1994-ல் அக்கா கல்யாணத்துக்காக அதை விற்கலாம் என்று வக்கீலைப் பார்த்தார் அப்பா. ஏழு வருஷம் தகவலே இல்லாதவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். சாட்சியச் சட்டம் 108-வது பிரிவு. (2024 ஜூலையில் சட்டத்தின் பேரையே மாற்றினார்கள். ஏழு வருஷத்தை மாற்றவில்லை.) வாரிசு அப்பத்தாதான், ஒரு மனு போட்டால் போதும் என்றார் வக்கீல்.

அப்பத்தா மைப்பெட்டியைத் தள்ளிவிட்டாள். "எம்புள்ள செத்தான்டு நான் கைநாட்டு வைக்கணுமா? கல்யாணத்துக்கு என் தோட்டை வித்துக்க."

தோடுதான் போனது. 2009-ல் அப்பத்தாவும் போய்ச் சேர்ந்தாள். பட்டா இன்னும் பெரியப்பா பேரில்தான் இருக்கிறது. அந்த மனுவை அப்பாவும் போடவில்லை. கேட்டால், "பாக்கலாம்டா" என்பார்.

நாவலை ஒருவழியாக முடித்தேன். பழைய போட்டோக்களை வைத்துக்கொண்டு அந்தப் பத்திரிகைக்காரனும் பச்சை குத்திய பெண்ணும் துப்புத் துலக்குவது பிரமாதம். எங்கள் வீட்டில் பெரியப்பா போட்டோ ஒன்றே ஒன்று. அதிலும் பாதி முகத்தை முன்னால் நிற்கிற மாமா மறைக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கதையைச் சொன்னேன். முடிவை மட்டும் சொல்லவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு புத்தகத்தை வாங்கினார்.

"அந்தப் பொண்ணு கெடைச்சாளாடா?"

"படிச்சுப் பாருங்கப்பா."

அப்பாவுக்கு இங்கிலீஷ் தகராறு. நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தார். அந்தப் பக்கத்தில் அவளைப் பற்றி ஒன்றும் கிடையாது.

"கொஞ்சம் முன்னாடி இருக்குப்பா" என்றேன்.