விம்பிள்டன்: ஏழாம் கோர்ட்டின் ஓரத்தில்

லண்டன் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் அரண்மனை, மணிக்கூண்டு, தேம்ஸ் பாலம் என்று வரிசையாகச் சொல்வார்கள். 2024 ஜூலையில் நானும் என் பதினான்கு வயது மகளும் அவற்றையெல்லாம் பார்த்தோம்தான். ஆனால் பெட்டாலிங் ஜெயா திரும்பிய பிறகு நாங்கள் திரும்பத் திரும்பப் பேசுவது ஒரே ஒரு நாளைப் பற்றித்தான். அன்று பாதி நாள் வரிசையில் நின்றோம், மீதி நாளில் மழைக்கு ஒதுங்கினோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு என் மகள் ஜொகூர் பாருவில் ஒரு போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றாள். அதற்கு முந்தைய இரண்டு போட்டிகளிலும் அதே கதைதான். திரும்பி வரும் நான்கு மணி நேரமும் நெடுஞ்சாலையில் நான் வாயை மூடவில்லை. சர்வீஸ் ஏன் வலையில் விழுந்தது, பேக்ஹேண்ட் ஏன் தாமதமானது, பயிற்சிக்கு எவ்வளவு, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் மாற்ற எவ்வளவு என்று ஒன்றுவிடாமல் பேசினேன். ஆயர் குரோவில் வண்டியை நிறுத்தி, சாப்பிட வா என்று கூப்பிட்டேன். அவள் இறங்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் மட்டும் சொன்னாள்: "டென்னிஸ் வேணாம்மா, போதும்."

லண்டனில் இருக்கும் தங்கையைப் பார்க்க டிக்கெட் முன்பே எடுத்தாகிவிட்டது. "முடிவெல்லாம் இப்ப எடுக்காதீங்க. அங்க போய் சும்மா பார்த்துட்டு வாங்க," என்றார் என் மனைவி. அந்த 'சும்மா' எனக்காகச் சொன்னது என்பது பிறகுதான் புரிந்தது.

தங்கை வீடு ஈஸ்ட் ஹாமில். தெருவில் இறங்கினால் கறிவேப்பிலை கிடைக்கும், கோயில் மணி கேட்கும், பிரிக்ஃபீல்ட்ஸில் நிற்பது போலவே இருக்கும். இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி இரவே டப்பாவில் அடைத்து வைத்துவிட்டாள். விம்பிள்டனுக்குள் சாப்பாடு கொண்டுபோகலாம் என்பது தெரியாமல் போகிறவர்கள் நிறைய. காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிட்டது. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் பிடித்து, ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறி, சவுத்ஃபீல்ட்ஸில் இறங்கினோம். விம்பிள்டன் என்றே பெயருள்ள நிலையம் வேறு இருக்கிறது. வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு சவுத்ஃபீல்ட்ஸ்தான் கிட்டே.

அந்த வரிசையைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். விம்பிள்டன் பார்க் என்ற பெரிய புல்வெளியில் முந்தின இரவே கூடாரம் போட்டுப் படுத்தவர்கள் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு சீட்டு கொடுக்கிறார்கள். அதில் தேதியும் எண்ணும் இருக்கும். அந்த எண்தான் உங்கள் இடம். கழிப்பறைக்குப் போய் வரலாம், தேநீர் வாங்கி வரலாம், யாரும் முந்த மாட்டார்கள். நம் ஊர் உணவகங்களில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். எங்களுக்குக் கிடைத்தது மைதான நுழைவுச் சீட்டு. பெரிய அரங்குகளுக்குள் போக முடியாது. வெளிக் கோர்ட்டுகளில் எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கலாம்.

வரிசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் அப்பாவின் பழைய பைல் ஞாபகத்துக்கு வந்தது. அவர் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், டென்னிஸ் ராக்கெட்டைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றி எந்தப் பத்திரிகையில் வந்தாலும் வெட்டி வைத்துக்கொள்வார். "யாருப்பா அது?" என்றாள் மகள். வரிசை நகர இரண்டு மணி நேரம் இருந்தது. சொல்லத் தொடங்கினேன்.

கிருஷ்ணன் 1937இல் நாகர்கோவிலில் பிறந்தவர். அப்பா டி.கே.ராமநாதனே ஓர் ஆட்டக்காரர், மகனுக்குப் பயிற்சி கொடுத்ததும் அவரே. கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே என்றிருந்த பெர்ட்ராம் போட்டியில், பள்ளி மாணவனாக இருக்கும்போதே லயோலா கல்லூரி முதல்வரிடம் சிறப்பு அனுமதி வாங்கி ஆடி, கோப்பையையும் வென்றவர். இந்தியாவின் ஜூனியர் பட்டங்களை அள்ளிக்கொண்டு 1953இல் விம்பிள்டன் சிறுவர் பிரிவுக்கு வந்தார். இறுதி ஆட்டம் வரை போனார்.

"ஜெயிச்சாரா?"

"தோத்துட்டார்."

இங்கிலாந்தின் பில்லி நைட்டிடம் தோற்று, வெறுங்கையோடு ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு மறுபடியும் வந்தார். 1954இல் வயது 17. இந்த முறை இறுதியில் எதிரே நின்றவர் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பர். 6-2, 7-5 என்று நேர் செட்டில் முடித்தார் கிருஷ்ணன். விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர்தான். ஓங்கி அடிக்கும் ஆட்டமல்ல அவருடையது. பந்தை மென்மையாகத் தொட்டு, எதிராளி இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைப்பார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்தத் 'தொடுதலை'ச் சொல்லாமல் விடுவதில்லை.

மகள் போனை எடுத்து விம்பிள்டனின் பழைய வெற்றியாளர் பட்டியலைத் தேட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, கூப்பர் 1958ல பெரியவங்க பட்டத்தையே ஜெயிச்சிருக்காரு. கிருஷ்ணன் பேரு காணோமே?" என்றாள்.

உண்மைதான். கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் அரையிறுதிக்கு வந்தார். முதல் ஆண்டு நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார். அந்தந்த ஆண்டு கோப்பையைத் தூக்கியவர்களும் அவர்கள் இருவரே. 1962இல் நான்காவது தரநிலையோடு வந்தவரைக் கணுக்கால் காயம் பாதியில் வெளியேற்றியது. என் அப்பாவுக்கு இந்தக் கணுக்கால் விஷயத்தில் கடைசி வரை ஆறவில்லை. சொந்தத் தம்பிக்கு நேர்ந்தது போலப் பேசுவார்.

பட்டியல் கையில் கிடைத்ததும் மகள் விடவில்லை. 1979இல் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் அதே சிறுவர் பட்டத்தை வென்றிருக்கிறார், இறுதியில் 6-0, 6-2. அதே கோடையில் பாரிஸ் பிரெஞ்சு ஓப்பன் சிறுவர் பட்டமும் அவருக்குத்தான். அப்பா நின்ற இடத்தில் 25 ஆண்டு கழித்து மகன். 1990இல் சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தின் டென்னிஸ் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த லியாண்டர் பயஸ். சிறுமியர் பக்கம் வந்தால் 2001இல் பாண்டுங் நகரத்துப் பெண் ஏஞ்சலிக் விட்ஜஜா. "இந்தோனேசியாவா! நம்ம பக்கத்து வீடு!" என்று கத்தினாள். முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். விட்ஜஜாவிடம் அன்று தோற்ற டினாரா சஃபினா பின்னாளில் உலகின் முதல் நிலைக்கே போனார் என்பதையும் அவளே கண்டுபிடித்தாள்.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது பச்சை. சென்டர் கோர்ட்டின் சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருக்கிறது. புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் கம்பளம் மாதிரியான புல்லை இரண்டாவது வாரத்தில் எதிர்பார்க்காதீர்கள். பேஸ்லைன் ஓரமெல்லாம் தேய்ந்து மண் தெரிகிறது, நம் ஊர்ப் பள்ளித் திடலில் கோல் கம்பத்தருகே தெரியுமே அது போல. ஸ்ட்ராபெரி அந்த ஆண்டு இரண்டரை பவுனாக இருந்தது. 2010 முதல் அதுவரை அதே விலையாக இருந்ததாம். ரிங்கிட்டில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் வாங்கிச் சாப்பிட்டோம்.

ஜூனியர் ஆட்டங்கள் நடப்பது பெரும்பாலும் வெளிக் கோர்ட்டுகளில். எங்களுக்கு வாய்த்தது ஏழாம் கோர்ட். இரண்டு வரிசை பெஞ்சு, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஆட்டக்காரர்கள். பந்து ராக்கெட்டில் படும் சத்தம் நெஞ்சில் கேட்கிறது. ஒரு பக்கம் ஆடியவளுக்கு என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். தலை முதல் கால் வரை வெள்ளை, உள்ளே அணிந்த குட்டைக் கால்சட்டை மட்டும் கறுப்பு. பெண் ஆட்டக்காரர்களுக்கு 2023இல் இருந்துதான் இந்தச் சலுகை. "நல்ல ரூல்," என்றாள் மகள் மெல்லிய குரலில். அப்பாவாக எனக்கு அதுவரை தோன்றாத விஷயம்.

அந்தப் பெண் முதல் செட்டை வென்றாள். இரண்டாவது செட்டிலும் முன்னால் இருந்தபோது மழை வந்துவிட்டது. பணியாளர்கள் ஓடி வந்து கண் மூடித் திறப்பதற்குள் கோர்ட்டை மூடினார்கள். சென்டர் கோர்ட்டுக்கும் ஒன்றாம் கோர்ட்டுக்கும்தான் கூரை உண்டு. மற்றவர்கள் எல்லோரும் வானத்தை நம்ப வேண்டியதுதான். ஒன்றரை மணி நேரம் ஒரு மரத்தடியில் நின்று இட்லியைக் காலி செய்தோம்.

ஆட்டம் மறுபடி தொடங்கியபோது அவள் வேறு ஆளாக இருந்தாள். கால் நகரவில்லை, இரண்டு சர்வீஸும் வலையில் விழுந்தன. என் மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது செட் போயிற்று. மூன்றாவதும் அரை மணி நேரத்துக்குள் போயிற்று. கைகுலுக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டாள்.

வேலியோரத்தில் ஒருவர் ஆட்டம் முழுக்கக் குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றிருந்தார். அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். அவள் வெளியே வந்ததும் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் கூட்டத்துக்குள் நடந்து போனார்கள், அவர் ஓரடி பின்னால்.

என் மகள் அவர்கள் மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவரு ஒண்ணுமே சொல்லலப்பா," என்றாள்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆயர் குரோவில் மூடியிருந்த கார் கதவு கண் முன்னால் வந்து நின்றது.

அதன் பிறகு பெரிய திரை வைத்திருக்கும் மேட்டில் ஈரப் புல்மேல் உட்கார்ந்து ஏதோ ஓர் ஆட்டம் பார்த்தோம். யார் ஜெயித்தார்கள் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. சவுத்ஃபீல்ட்ஸ் நிலையத்துக்கு நடந்தபோது கால் கெஞ்சியது. ரயிலில் இடம் கிடைத்ததும் அவள் மறுபடி அந்தப் பட்டியலைத் திறந்தாள். எட்டிப் பார்த்தேன். 1954 அல்ல, 1953ஆம் ஆண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒரு வருஷம் கிருஷ்ணன் என்னப்பா செஞ்சிருப்பாரு?"

"பிராக்டிஸ் பண்ணியிருப்பார்."

"அவங்க அப்பா கூடவா?"

"இருக்கும்."

"அவங்க அப்பா திட்டியிருப்பாரா?"

தெரியாது என்றேன். பைலில் அதெல்லாம் இல்லை.

ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறுவதற்காக இறங்கினோம். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஆகஸ்டுல ஈப்போல ஒரு போட்டி இருக்கு. நான் பேரு கொடுக்கறேன். ஆனா திரும்பி வரும்போது கார்ல நீங்க பேசக்கூடாது."

சரி என்றேன். ரேடியோ போடலாமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது.