கறுப்பிலே ஒளி கண்டவர்

தென் பிரான்சிலே மலைகள் சூழ்ந்த சிற்றூர் கொங்க். 11ஆம் நூற்றாண்டில் எழுந்த அதன் தேவாலயத்தினுட் புகுவோர் சாளரங்களைக் கண்டு வியந்து நிற்பர். பிற ஆலயங்களிற் காணும் வண்ணங்களோ புனிதர் உருவங்களோ அங்கில்லை. அப்பாலுள்ளதைக் காட்டாது ஒளியை மாத்திரம் உள்ளே விடும் நிறமற்ற கண்ணாடியும், குறுக்கே வளைந்தோடும் கரிய கோடுகளுமே உள்ளன.

இவற்றை ஆக்கியவர் பியர் சூலாஜ் என்னும் அரூப ஓவியர். அண்மையிலுள்ள ரொடேஸ் நகரிலே 1919இற் பிறந்த இவர், இளமையிலேயே தந்தையை இழந்தவர். பள்ளிச் சிறுவனாய் இவ்வாலயத்தைக் கண்டபோதே, கலையே தம் வாழ்வென உறுதி பூண்டார்.

1979 முதல் திரை முழுவதும் கறுப்பு ஒன்றையே பூசி, அதிலே வரிவரியாகக் கீறினார். அவ்வரிகளிற் பட்டுத் தெறித்த ஒளியே அவர்தம் ஓவியமாயிற்று.

அத்தகையவரிடம் ஆலயத்தின் 104 சாளரங்கள் ஒப்படைக்கப்பட்டன. 1987 தொடங்கி 1994 வரை அவர் உழைத்தார். வேண்டிய கண்ணாடி எங்குங் கிடைக்காமையால், பல பரிசோதனைகள் செய்து புதிதாகவே ஆக்குவித்தார். இன்று அக்கண்ணாடி பொழுதுக்கேற்ப நீலமாயும் செம்மஞ்சளாயும் மாறுகின்றது. வண்ணந் தீட்டுபவன் கதிரவனே.

சூலாஜ் 2022இல், தமது 102ஆம் வயதிலே மறைந்தார். சிறுவனாய் அவ்வாலயத்திற் பெற்றதை, 74ஆம் வயதிலே அதற்கே திருப்பியளித்த பேறு அவருடையது.