இறக்கிப் பிடித்த கை

கோல்ஃப் மட்டையின் மேல்முனையில் சுமார் பத்தரை அங்குல நீளத்துக்கு ஒரு ரப்பர் உறை இருக்கும். அதுதான் கைப்பிடி. வழக்கமான வீச்சுக்கு ஆட்டக்காரரின் மேல்கை அந்த உறையின் உச்சியில் ஓர் அரை அங்குலம் விட்டு அமரும். அங்கிருந்து இரு கைகளையும் சேர்த்து ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ கீழே இறக்கினால், அந்த ஒரு வீச்சுக்கு மட்டும் மட்டை குட்டையாகிவிடுகிறது. பந்து சற்றுக் குறைந்த தூரம் போகிறது; அது எட்டும் உச்சமும் தணிகிறது; நினைத்த இடத்தில் விழும் வாய்ப்பும் கூடுகிறது. சின்ன ஆணியை அடிக்கும் தச்சர் சுத்தியல் காம்பைத் தலைக்கு அருகே பிடிப்பதும் இதனால்தான்.

இந்த நுட்பத்தின் தேவை மட்டைகளின் எண்ணிக்கையிலிருந்து பிறக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு 14 மட்டைகளுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938இலும், செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ மன்றம் 1939இலும் இந்த வரம்பை விதித்தன. அடுத்தடுத்த இரண்டு அயர்ன் மட்டைகள் அனுப்பும் தூரத்துக்கு இடையே பொதுவாக 10 முதல் 15 கெஜம் இடைவெளி உண்டு. ஏழாம் நம்பர் அயர்னால் 140 கெஜமும் எட்டாம் நம்பரால் 128 கெஜமும் அடிப்பவருக்கு, கொடி 134 கெஜத்தில் நின்றால் பையில் அதற்கென்று மட்டை கிடையாது. எட்டை முறுக்கி அடிப்பது ஒரு வழி. ஏழை இறக்கிப் பிடிப்பது இன்னொரு வழி. முறுக்கி அடித்தால் சமநிலை குலைகிறது, பந்தின் சுழற்சியும் ஏறுகிறது. பிழைக்கு இடம் அதிகம். அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியைத்தான் எடுப்பார்கள்.

கையை இறக்கும்போது நடப்பதைப் புரிந்துகொள்ள மட்டையின் அளவுகள் உதவும். ஏழாம் நம்பர் அயர்னின் நீளம் சுமார் 37 அங்குலம். நம்பர் ஒன்று கூடினால் நீளம் அரை அங்குலம் குறையும், முகத்தின் சாய்வு சுமார் நான்கு பாகை கூடும். ஆகவே ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்த ஏழாம் நம்பர், நீளத்தில் ஒன்பதாம் நம்பருக்குச் சமம்; சாய்வில் மட்டும் ஏழாகவே இருக்கிறது. பந்து ஒன்பதைப் போல உயர எழாமல், ஏழின் முழுத் தூரத்துக்கும் போகாமல், இடையில் ஒரு பாதையைப் பிடிப்பது இதனால்தான்.

ஆனால் நீளக் குறைவு ஒன்றே தூரத்தை இவ்வளவு குறைத்துவிடாது. வீச்சின் ஆரம் என்பது மட்டை மட்டுமல்ல, கையும் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து அறுபது அங்குலத்தைத் தாண்டும். அதில் ஓர் அங்குலம் குறைந்தால் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. இரண்டு மூன்று கெஜத்துக்குத்தான் அது கணக்கு. நீளத்தின் பங்கு சிறியது என்பதற்கு ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போவின் மட்டைப்பை நல்ல சாட்சி. அவருடைய அயர்ன்கள் எல்லாமே 37.5 அங்குலமாக இருந்தன; சாய்வும் தலையின் அமைப்புமே தூரங்களைப் பிரித்துக் கொடுத்தன. அந்த மட்டைகளோடுதான் அவர் 2020இல் அமெரிக்க ஓப்பனை வென்றார். அப்படியானால் இறக்கிப் பிடிக்கும்போது குறையும் ஐந்து, எட்டு கெஜம் எங்கிருந்து வருகிறது? கை இறங்கியதும் ஆட்டக்காரர் பந்தை நெருங்கி நிற்கிறார், பின்வீச்சு தானாகச் சுருங்குகிறது, வீச்சில் அவசரம் தணிகிறது. தூரத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு உடலுடையது.

எடையிலும் மாற்றம் தெரியும். மட்டையின் தலை கைக்கு எவ்வளவு கனமாகத் தோன்றுகிறது என்பதை மட்டைப் பட்டறைகளில் ‘ஸ்விங்வெயிட்’ என்ற அளவால் சொல்வார்கள். பிடிமுனையிலிருந்து 14 அங்குலத்தில் தாங்குபுள்ளி வைத்த தராசில் மட்டையைக் கிடத்தி, டி-2, டி-3 என்று எழுத்தும் எண்ணுமாகப் படிப்பார்கள். மட்டையின் நீளம் அரை அங்குலம் குறைந்தால் இந்த அளவு ஏறக்குறைய மூன்று புள்ளி இறங்கும். இறக்கிப் பிடிப்பவர் மட்டையை வெட்டுவதில்லை. ஆனாலும் தலை இலேசானது போலக் கை உணர்கிறது, தண்டு சற்று விறைப்பாகத் தோன்றுகிறது.

கைப்பிடி கீழே போகப்போகச் சிறுக்கும். ஓர் அங்குலம் இறங்கிய கை மெல்லிய இடத்தைப் பிடிக்கிறது. மெல்லிய பிடியில் மணிக்கட்டு சுலபமாகப் புரளும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்புறம் சாயப் பார்க்கும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. உடலைத் தாழ்த்தாமல் கையை மட்டும் இறக்கினால் தண்டு அதிகமாக நிமிர்ந்து, தலையின் நுனி தரையில் இடிக்கும், பந்து வலப்புறம் விலகும். ஆகவே கை இறங்கும் அளவுக்கு இடுப்பும் முழங்காலும் கொஞ்சம் மடங்க வேண்டும், கால்கள் பந்தை நோக்கி நகர வேண்டும். கையை மட்டும் இறக்கிவிட்டு மற்றதெல்லாம் பழையபடி இருக்கட்டும் என்று நிற்பவருக்கு இந்த நுட்பம் ஒருபோதும் கைகூடாது.

உயரத்தைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கையை இறக்கினாலே பந்து தாழப் போகும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. உண்மையில் சாய்வு மாறாதவரை பந்து கிளம்பும் கோணம் பெரிதாக மாறாது. வேகமும் சுழற்சியும் குறைவதால் பந்து எட்டும் உச்சம் தணிகிறது, அவ்வளவே. அதற்கும் தாழ வேண்டுமானால் இன்னும் இரண்டு காரியம் செய்ய வேண்டும்: பந்தை நடுவிலிருந்து சற்றுப் பின்காலின் பக்கம் வைப்பது, அடித்த பிறகு கைகளை மார்பு உயரத்தில் நிறுத்திவிடுவது. இவை மூன்றும் சேர்ந்ததுதான் எதிர்க்காற்றுக்கான அடி. ஸ்காட்லாந்துக் கடலோர மைதானங்களில் இது இல்லாமல் முடியாது. காற்றை எதிர்த்துப் பலமாக அடித்தால் சுழற்சி கூடி, பந்து செங்குத்தாக மேலேறி, நின்றாற்போல் நின்று, முன்னாலேயே விழும். நீளமான மட்டையை எடுத்து, இறக்கிப் பிடித்து, நிதானமாக அடித்தால் அதே பந்து காற்றுக்குக் கீழே ஊர்ந்து போகும்.

மணல்குழியில் காலைப் புதைத்து நிற்பதால் உடல் தாழ்கிறது. தாழ்ந்த அளவுக்குக் கையும் இறங்கியாக வேண்டும். மலைச்சரிவில் பந்து பாதத்தைவிட உயரத்தில் கிடந்தால், பந்துக்கும் உடலுக்கும் இடையே தூரம் குறைந்துவிடுகிறது, அங்கும் அப்படியே. 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் மைதானம் போன்ற மலை மைதானங்களில் சமதரையில் நின்று அடிக்கும் வாய்ப்பே அபூர்வம். அதோடு, 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து கூடுதலாகப் பறக்கும். சமவெளியிலிருந்து போகிறவர் இரண்டு கணக்கையும் திருத்த வேண்டியிருக்கும்.

அவசரத் தேவைக்கு மட்டுமல்லாமல் எப்போதுமே இறக்கிப் பிடித்து ஆடியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஆண்டனி கிம் நீளமான டிரைவரைக்கூட அப்படித்தான் பிடிப்பார். 2008இல் பிஜிஏ டூரில் இரண்டு பட்டங்கள் வென்றார்; 2009 மாஸ்டர்ஸின் இரண்டாம் நாளில் ஒரே சுற்றில் 11 பர்டி (குழிக்கு வரையறுத்த அடிகளைவிட ஒன்று குறைவு) எடுத்தார். தூரம் போய்விடும் என்று பயப்படுபவர்களுக்கு இந்தக் கணக்கு போதும்.

இந்தக் கைவேலையை வளர்த்தவர்களில் பலர் முழு மட்டைப்பையைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள் அல்லர். பிறர் பையைத் தோளில் சுமந்தவர்கள். அவர்களில் தலையாயவர் ஸ்பெயினின் செவெ பாயஸ்தெரோஸ். வடகரையில் சாந்தாந்தேர் விரிகுடாவை ஒட்டிய பெட்ரேனா கிராமத்தில் 1957இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஊரிலிருந்த கோல்ஃப் மைதானத்தில் கிராமத்துப் பையன்களுக்குக் கேடி வேலை கிடைக்கும். மைதானத்தில் ஆடும் உரிமை கிடைக்காது. மாமா ரமோன் சோத்தாவும் அண்ணன்மார்களும் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள். அண்ணன் மனுவேல் கொடுத்த ஒரே ஒரு மூன்றாம் நம்பர் அயர்ன்தான் சிறுவனின் உடைமை. அதை எடுத்துக்கொண்டு கடற்கரை மணலுக்குப் போனார்.

மூன்றாம் நம்பர் அயர்ன் நீளமானது, சாய்வு குறைந்தது, தேர்ந்தவர்களே தயங்கும் மட்டை. சிறுவனின் உயரத்துக்கு அது அதிகம். அந்த ஒன்றைக் கொண்டே நூறு கெஜமும் அடிக்க வேண்டும், இருபது கெஜமும் அடிக்க வேண்டும். முகத்தைத் திறந்தும் மூடியும், கையை ஏற்றியும் இறக்கியும் எல்லா அடிகளையும் அதிலிருந்தே பிழிந்தெடுக்க வேண்டும். 14 மட்டையோடு தொடங்குகிறவர்கள் ஒரு தூரத்துக்கு ஒரு மட்டை என்று மனப்பாடம் செய்கிறார்கள். ஒரே மட்டையோடு தொடங்கியவருக்கு ஒவ்வொரு தூரத்தையும் கையே கண்டுபிடித்துக் கொடுத்தது. 1979இல் 22 வயதில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். 1984, 1988 ஆண்டுகளில் மீண்டும் அது அவர் கைக்கு வந்தது; 1980லும் 1983லும் மாஸ்டர்ஸ். புகழின் உச்சியிலும் மணல்குழியிலிருந்து மூன்றாம் நம்பர் அயர்னாலேயே பந்தை எடுத்துக் காட்டி மற்ற ஆட்டக்காரர்களை வாய்பிளக்க வைத்திருக்கிறார்.

இந்தியாவிலும் அந்த வழி உண்டு. டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். 1993இல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009இல் அதே பட்டத்தை எடுத்தார். பை சுமப்பவருக்கு ஆட்டக்காரரின் ஒவ்வொரு அடியும் பாடம். எந்தக் காற்றுக்கு எத்தனை கெஜம் கூட்டுவது, எந்த மட்டையை எவ்வளவு இறக்கச் சொல்வது என்பதெல்லாம் அவர் நாவின் நுனியில் இருக்கும்.

ஆட்டக்காரரின் கை எங்கே நிற்கிறது என்பதைப் பட்டறைக்காரர் கேட்காமலே சொல்லிவிடுவார். உறையின் தேய்மானம் அவருக்கு ஏடு. கட்டைவிரல் அழுந்தும் பள்ளம் உச்சியிலிருந்து மூன்று அங்குலத்தில் இருந்தால் வழக்கமான பிடி. ஐந்தில் இருந்தால் இறக்கிப் பிடிப்பவர். பழைய உறையைக் கொக்கிக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து, அடியிலிருக்கும் பழைய டேப்பைச் சுரண்டி, தண்டைத் துடைத்து, இருபக்கமும் ஒட்டும் புது டேப்பைச் சுற்றுவார். புது உறைக்குள் கரைப்பானை ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேலும் வழியவிட்டு, ஒரே மூச்சில் உறையைத் தள்ளி ஏற்ற வேண்டும். பாதியில் நின்றால் கரைப்பான் காய்ந்து உறை கோணலாக ஒட்டிக்கொள்ளும். ஏற்றிய சில நொடிகளுக்குள் தலையின் முகத்தோடு உறையின் கோடுகளை நேர்படுத்திவிட வேண்டும்.

இறக்கிப் பிடிப்பவருக்கு வேலை இன்னும் கொஞ்சம் நுணுக்கம். கீழ்க்கை நிற்கும் இடத்தில் தண்டின் மேல் இரண்டு மூன்று சுற்று டேப்பைக் கூடுதலாகச் சுற்றினால் சிறுத்த இடம் பருக்கும், மணிக்கட்டின் புரட்டல் அடங்கும். இப்போது கீழ்ப்பாதி பருமனாகவே வார்த்த உறைகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. விதிக்கும் ஓர் எல்லை உண்டு: கையின் வடிவத்துக்கு அச்சு வைத்த பிடி கூடாது, நடுவில் புடைப்பும் இடுக்கும் கூடாது. அச்சிட்ட கோடுகளுக்குத் தடையில்லை. பல உறைகளில் கை இறங்கும் அளவைக் காட்டும் கோடுகள் அப்படித்தான் வருகின்றன.

கடைக்காரர்களின் கணக்கு வேறு. 120 கெஜத்துக்குள் இடைவெளி விழுகிறது என்று ஒருவர் சொன்னால், கடையில் குறுந்தூரத்துக்கான இன்னொரு வெட்ஜ் மட்டையை எடுத்து நீட்டுவார்கள். நாசாவில் வேலை பார்த்துவிட்டுப் பயிற்றுநரான டேவ் பெல்ஸ், நான்கு வெட்ஜ், மூன்று வீச்சளவு என்று 12 தூரங்களை வகுத்துக் காட்டினார். அதோடு கையின் நிலையை இரண்டாக வைத்தால் 24 ஆகிறது. ஐந்தாவது வெட்ஜுக்கு வேலையே இல்லை. விளம்பரத்துக்குச் செலவழிக்கும் நிறுவனங்கள் இதைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் மட்டை விற்காது. சொல்லக்கூடியவர் கேடிதான். அவருக்கோ பல மன்றங்களில் மாதச் சம்பளம் கிடையாது. சுற்றுக்கு இவ்வளவு என்ற கூலிதான், மழை பெய்து ஆட்டம் நின்றால் அதுவும் இல்லை. ஒரு புது வெட்ஜுக்குத் தயங்காமல் ஆயிரக்கணக்கில் எடுத்து வைப்பவர்கள், அந்த வெட்ஜைத் தேவையற்றதாக்கும் அறிவைச் சுமந்து கூடவே நடப்பவருக்குக் கூலி கொடுக்கும்போது கையை இறுக்குவது அநியாயம்.

எத்தனை அங்குலத்துக்கு எத்தனை கெஜம் என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான அட்டவணை கிடையாது. ஆளுக்கு ஆள் மாறும், ஒருவருக்கே மட்டைக்கு மட்டை மாறும். பயிற்சித் திடலில் காற்றில்லாத நேரத்தில் ஒரே மட்டையால் முழுப்பிடியில் பத்து, ஓர் அங்குலம் இறக்கிப் பத்து, இரண்டு அங்குலம் இறக்கிப் பத்து என்று அடித்து, பந்து தரையில் படும் இடங்களின் சராசரியை எடுக்க வேண்டும். மிக நன்றாக விழுந்த ஒன்றையும் மிக மோசமான ஒன்றையும் கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்லது. கிடைக்கும் மூன்று எண்களை, ஒவ்வொரு அயர்னுக்கும் வெட்ஜுக்கும் தனித்தனியாக, கெஜக்கணக்கு எழுதிவைக்கும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்வார்கள். உறை மாற்றும்போது பருமன் மாறினால் அந்தப் பக்கத்தையும் புதிதாக எழுத வேண்டும்.