விளக்கெண்ணெயில் இறங்கும் தங்கம்

2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்ததிலிருந்து செஞ்சியில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் கோட்டைப் பேச்சுதான். மரச்செக்கு வைத்திருக்கும் நண்பர் மட்டும் வேறு கதை சொன்னார். மாதம் தவறாமல் ஒருவர் வந்து கால் லிட்டர் விளக்கெண்ணெய் வாங்கிப் போகிறாராம், அதில் தங்கம் இறக்க. யாரோ ரசவாதி என்று நினைத்தேன். “அதெல்லாம் இல்லைங்க, ஐடிஐ-ல ஃபிட்டர் படிச்ச நம்ம ஊர்க்காரர். திண்டிவனம் தாண்டி ஒரு காலேஜ்ல லேப் டெக்னீஷியன்” என்றார் நண்பர். அந்த வாரமே அந்த டெக்னீஷியன் அண்ணனோடு பஸ் ஏறிவிட்டேன்.

தங்கம் இறக்கும் எந்திரம் மேசைக்கு அடங்கியதுதான். கண்ணாடிக் கூண்டு, அதன் கூரையில் தங்கத் தகடு. டார்கெட் என்கிறார்கள். கூண்டிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு ஆர்கான் வாயுவைத் துளி விட்டு, உயர் மின்னழுத்தம் கொடுத்தால் ஊதா ஒளி பரவுகிறது, அதுதான் பிளாஸ்மா. மின்னேற்றம் பெற்ற ஆர்கான் அணுக்கள் தகட்டில் போய் மோதுகின்றன. பெயர்ந்த தங்க அணுக்கள் கீழே என்ன இருக்கிறதோ அதன்மேல் படிகின்றன. 1852-இல் வில்லியம் குரோவ் கவனித்து எழுதிய சங்கதி இது. எடிசன் தன் ஃபோனோகிராஃப் மெழுகு உருளைகளுக்கு வெற்றிடத்தில் தங்கம் பூசினார். இன்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கும் மாதிரிகளுக்குப் பத்து நானோமீட்டர் அளவில் பூச்சு ஏற்ற, ஆய்வகங்களில் இதே வேலைதான் நடக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.

கீழே கண்ணாடித் துண்டுக்குப் பதில் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்தால், தங்கம் ஏடாகப் படியாமல் நுண்துகளாக எண்ணெய்க்குள் தங்கிவிடுகிறது. விளக்கெண்ணெயில் இதைச் செய்து 2010-இல் வெளியிட்டவர்கள் பிரேசில் ஆய்வாளர்கள். வெற்றிடத்திலும் அந்த எண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. துகள்களை ஒட்டிக்கொள்ளவும் விடுவதில்லை.

ஆனால் பொங்கும். கரைந்திருக்கும் காற்று குமிழ் குமிழாக மேலே வருகிறது. அவசரப்பட்டு வால்வைத் திறந்தால் கூண்டெல்லாம் எண்ணெய் தெறித்துவிடும். அண்ணன் ஈரம் போக எண்ணெயை முன்பே சூடாக்கி ஆறவைத்திருந்தார். குமிழ் எழும்பியதும் வால்வை மூடினார், அடங்கியதும் மயிரிழை திறந்தார், மறுபடி மூடினார். கண் கிண்ணத்தில், காது பம்பின் சத்தத்தில். கடைசியில் எண்ணெய் ஒயின் நிறத்துக்குச் சிவந்திருந்தது. தங்கம் அவ்வளவு பொடியானால் சிவப்புதான். ஃபாரடே 1857-லேயே காட்டிவிட்டார்.

அண்ணனுக்கு இன்னும் ஒப்பந்த வேலைதான். கூண்டில் காற்றுக் கசிந்தால் இணைப்புகளில் அசிட்டோனைத் தொட்டுத் தொட்டு வைப்பார். அழுத்தமானியின் முள் எங்கே துள்ளுகிறதோ அங்கே கசிவு. ஓ-ரிங்கில் கீறல் இருக்கிறதா என்று நகத்தாலேயே கண்டுபிடிப்பார். ஆராய்ச்சி மாணவர்கள் பட்டம் வாங்கிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கட்டுரைகளின் கடைசியில் வரும் நன்றி வரியில்கூட அவர் பெயரைக் காணோம்.

என்னைக் கொதிக்க வைத்தது தங்க டார்கெட் விற்கும் ஏஜென்டின் கணக்கு. 57 மில்லிமீட்டர் விட்டம், 0.1 மில்லிமீட்டர் கனம்: ஒரு தகட்டில் ஏறக்குறைய ஐந்து கிராம் தங்கம், முக்கால் பவுனுக்கும் குறைவு. காந்தம் வைத்த எந்திரத்தில் அது வளையமாகத்தான் தேயும். பள்ளம் ஓட்டையானால், பெரும்பகுதித் தங்கம் மிச்சமிருக்கும்போதே கழற்றியாக வேண்டும். அதை ஏஜென்ட் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று எடுத்துப் போகிறார். கண்ணெதிரே எடை போடுவதில்லை. அடகுக்கடைக்காரர்கூடத் தராசில் வைத்துக் காட்டிவிட்டுத்தானே பேசுகிறார்! இறக்குமதிச் செலவு, தூய்மைச் சான்று எல்லாம் இருக்கிறது, சரி. ஆனால் இடையில் நிற்பவர் வைத்ததே விலை என்பதற்கு எந்தச் சான்று? மல்லாட்டை மூட்டையோடு மார்க்கெட் கமிட்டி வாசலில் காத்துக் கிடக்கும் விவசாயிக்கும் இந்த ஆய்வகத்துக்கும் தேள் ஒன்றுதான், கொட்டும் இடம்தான் வேறு.

செம்பு டார்கெட்டை மட்டும் அண்ணன் ஏஜென்டிடம் வாங்குவதில்லை. தூய செம்புத் தகட்டைத் திண்டிவனத்து லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்துகொள்கிறார். பிளாஸ்மா பச்சை சாயலில் நன்றாகவே எரிகிறது. பட்டறைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை என்று கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிவிட்டது. கடைசல் கூலி அவர் கைக்காசு.