ஆயாவும் ஹேண்ட் பிளெண்டரும்

போன தீபாவளிக்கு, டியூஷன் எடுத்துச் சேர்த்த காசுல ஆயாவுக்கு ஒரு ஹேண்ட் பிளெண்டர் வாங்கிக் கொடுத்தேன். ரெண்டே நாள்ல அது பரணுக்குப் போயிடுச்சு. தப்பு என் மேலதான்.

ஆயாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பக்கவாதம். இப்ப நடக்குது, பேசுது, சீரியல் வில்லியைத் திட்டுது. வலது கை மட்டும் எதையும் இறுக்கிப் பிடிக்காது. "ஒரு வெங்காயம் அரியக்கூட உங்கம்மாவக் கூப்பிடணும்டா"ன்னு ஒருநாள் சொல்லுச்சு. அதைக் கேட்டுட்டுத்தான் கடைக்கு ஓடினேன்.

கடையில நான் பார்த்தது வாட்ஸ், வாரன்டி, தள்ளுபடி. பார்க்காதது ஆயாவோட கையை. மோட்டார் கைப்பிடிக்குள்ளேயே இருக்கறதால மேல்பக்கம் நல்ல கனம். பட்டனை அழுத்திக்கிட்டே இருக்கணும், விட்டா நின்னுடும். இடது கை அந்த வேலையில இருந்தா பாத்திரத்தை யார் பிடிக்கறது? பாத்திரம் சுத்தி, தக்காளி சுவத்துல.

அடுத்த தடவை ஆயாவையே நியூ மிலிட்டரி ரோட்டுக்கு ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். கயிறு இழுக்கற சாப்பரை எடுத்துக் காட்டினாங்க. "புடிக்க ஒண்ணு, இழுக்க ஒண்ணு. எனக்கு எங்கடா ரெண்டு கை?" அடுத்தது சார்ஜ் போடற குட்டி சாப்பர். மேலே உள்ளங்கையால அழுத்தினா போதும், ஆனா மூடியைத் திருகித் திறக்கணும். திருகறதும் ரெண்டு கை வேலைதானே! கடைசியா, மோட்டார் தலை சும்மா மேல உட்கார்ற மாதிரி ஒண்ணு கிடைச்சது. அடியில ஈரத்துணி போட்டா நகராது.

அரிவாள்மனையை யோசிச்சுப் பாருங்க. கால்தான் அதை அமுக்கிப் பிடிக்கும், ரெண்டு கையும் காய்க்கு. ஆயாவால இப்ப தரையில உட்கார முடியலை. அதனால ஒரு பலகையில கீழேயிருந்து ரெண்டு ஸ்டீல் ஆணி அடிச்சு, முனை மேல நிக்கற மாதிரி வெச்சோம். வெங்காயத்தை அதுல குத்திட்டா ஒரு கையே போதும். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் ரொம்ப காலமா சொல்ற வழிதான் இது.

பீலர் கதை தனி. அமெரிக்காவுல சாம் ஃபார்பர்னு ஒருத்தர். மூட்டுவலி இருந்த அவர் மனைவி பெட்சி தோல் சீவக் கஷ்டப்பட்டதைப் பார்த்துதான் 1990-ல ஆக்ஸோவோட தடிமனான ரப்பர் கைப்பிடி பீலர் வந்தது. இப்ப எல்லாருமே அதை வாங்கறாங்க. இங்கே டாங்கி செய்யற ஊர்ல நான் ஏறி இறங்கின கடைகள்ல எல்லாம் அதே ஒல்லித் தகட்டுப் பீலர்தான். பக்கத்து அம்பத்தூர் சைக்கிளுக்குப் பேர் போன ஊராச்சே! சைக்கிள் கடையில ஒரு ஹேண்டில் கிரிப் வாங்கி மாட்டினேன். கழுவறப்போ கழட்டிடணும், இல்லாட்டி உள்ளே அழுக்கு சேரும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 43-வது பிரிவு, எல்லாரும் பயன்படுத்தற மாதிரி வடிவமைச்ச நுகர்பொருட்களை ஊக்குவிக்கறது அரசோட வேலைன்னு சொல்லுது. படிச்சதும் சந்தோஷமா இருந்தது. கடையில ஒருத்தருக்கும் தெரியலை.

இப்ப எங்க வீட்ல வெங்காயம் ஆயா டிபார்ட்மென்ட். ஒண்ணுக்குப் பத்து நிமிஷம் ஆகுது. அம்மா பொறுக்காம "குடுங்க அத்தை"ன்னு கையை நீட்டினா விழற திட்டு, சீரியல் வில்லிக்குக்கூட விழாது. பிளெண்டரை நான் மில்க் ஷேக்குக்கு எடுத்துக்கிட்டேன்.